கோன் என்று பிறந்தவர், கெர்ரி என்று இறந்தவர்: ஒரு தாத்தாவின் ஆவணத் தடம்

2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் வெளியிட்ட ஒரு செய்தி, அது யாரைப் பற்றியதோ அவருக்கே புதிதாக இருந்தது. அமெரிக்க செனட்டர் ஜான் கெர்ரி அப்போது அதிபர் தேர்தலுக்கான முன்னேற்பாடுகளில் இருந்தார். அவருடைய தந்தைவழித் தாத்தா ஃபிரெடரிக் கெர்ரி ஒரு யூதக் குடும்பத்தில் ஃப்ரிட்ஸ் கோன் என்ற பெயரில் பிறந்தவர் என்பதை நாளிதழ் ஆவணங்களோடு எடுத்து வைத்தது. பாட்டி ஐடா யூத வம்சத்தவர் என்பது கெர்ரிக்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். தாத்தாவும் அப்படியே என்பது தெரியாது.

வம்சாவளி தேடுவோர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டும் தொட முடியாத இடத்தை இந்தத் தேடல் சில வாரங்களில் தொட்டது. நாளிதழின் பணபலமும், வியன்னாவில் வரலாற்றுக் குடும்ப ஆய்வு நிறுவனம் நடத்தும் ஃபெலிக்ஸ் குண்டாக்கர் என்ற கைதேர்ந்த ஆய்வாளரும் துணை நின்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் நான் கவனிப்பது வேறொன்றை. ஃப்ரிட்ஸ் கோன் தன் பழைய அடையாளத்தை விட்டு விலக எடுத்த ஒவ்வோர் அடியையும் ஏதோ ஓர் அலுவலகத்தில் பதிவு செய்தே எடுக்க வேண்டியிருந்தது. மதம் மாறினால் ஒரு பதிவு, பெயர் மாறினால் ஓர் ஆணை, நாடு மாறினால் ஒரு விண்ணப்பம். குடும்பம் மறந்ததை அலுவலகங்கள் மறக்கவில்லை.

நம் ஊரில் தந்தையின் பெயரே மகனுக்குத் தலைப்பெழுத்தாகி, தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். ஐரோப்பிய வம்சாவளித் தேடல் அப்படியன்று. அது குடும்பப் பெயர் என்ற ஒற்றை இழையைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிப் போகிறது. அந்த இழையை ஒருவர் நடுவில் அறுத்துவிட்டால், அறுந்த இடம் எது என்று தெரியும்வரை மேலே ஒன்றும் கிடைக்காது. கெர்ரி என்ற பெயர் அந்த வகையில் மிகச் சிறந்த திரை. அது அயர்லாந்தில் ஒரு மாவட்டத்தின் பெயர். மாசசூசெட்ஸில் கத்தோலிக்கரான ஓர் அரசியல்வாதிக்கு அந்தப் பெயர் இருந்தால் அவர் அயர்லாந்து வம்சத்தவர் என்று யாரும் கேட்காமலே முடிவு கட்டிவிடுவார்கள். ஜான் ஃபோர்ப்ஸ் கெர்ரி என்பதன் முதலெழுத்துகள், அயர்லாந்து வம்சத்து அதிபர் ஜான் எஃப். கென்னடியைப் போலவே, ஜே.எஃப்.கே. என்று வேறு அமைந்துவிட்டன.

தேடல் எப்போதும் அண்மையில் இறந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். இங்கே அது சிக்கலான தொடக்கம். ஃபிரெடரிக் கெர்ரி 1921 நவம்பர் 23 அன்று பாஸ்டனின் காப்லி பிளாசா விடுதியில் தற்கொலை செய்துகொண்டார். வயது 48. மகன் ரிச்சர்டுக்கு அப்போது ஆறு வயது. இந்த ரிச்சர்டுதான் ஜான் கெர்ரியின் தந்தை. ஆறு வயதில் தந்தையை அப்படி இழந்த பிள்ளை, பின்னாளில் தன் பிள்ளைகளிடம் அவரைப் பற்றி அதிகம் பேசவில்லை. வழக்கமாகக் குடும்ப வரலாறு வாய்வழியாக மூன்று தலைமுறைக்காவது வரும். இங்கே முதல் கைமாற்றத்திலேயே நின்றுவிட்டது.

ஆனால் வீட்டில் மூடப்பட்டது நகரத்தில் திறந்தே கிடந்தது. பாஸ்டன் நாளேடுகள் அந்தச் சாவைச் செய்தியாக வெளியிட்டன. இறப்புச் சான்றிதழ் நகர ஆவணமாயிற்று. ஒருவர் இறந்தால் அவர் சொத்தைத் தீர்த்து வைக்கும் நீதிமன்றக் கோப்பு உருவாகும். அதில் மனைவி மக்களின் பெயர், கடன், பங்குகள் எல்லாம் பட்டியலாகும். வம்சாவளித் தேடலில் புதியவர்கள் இந்தக் கோப்பைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். பணம் இருந்தவர்களுக்குத்தான் அது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீழ்ந்தவர்களின் கோப்பில்தான் உண்மையில் செய்தி அதிகம். இறப்புச் சான்றிதழைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: அதில் இறந்தவரின் பிறப்பு, பெற்றோர் பற்றிய தகவலைத் தந்தவர் இறந்தவர் அல்லர். துக்கத்தில் இருக்கும் மனைவியோ, ஒன்றும் தெரியாத நண்பரோ சொன்னது அது. இறந்த நாளுக்கு அது முதல்தரச் சாட்சி. பிறந்த ஊருக்குக் கேள்விப்பட்ட செய்தி, அவ்வளவே.

பிறந்த ஊரைச் சம்பந்தப்பட்டவரே தன் கையொப்பத்தோடு சொன்ன ஆவணம் வேண்டும். அமெரிக்காவில் அது குடியுரிமை விண்ணப்பம். ஃபிரெடரிக் இந்த விஷயத்தில் பின்வந்தவர்களுக்கு வசதியான காலத்தில் விண்ணப்பித்தார். 1906க்கு முன் அமெரிக்காவில் எந்த நீதிமன்றமும் தனக்குத் தோன்றிய படிவத்தில் குடியுரிமை வழங்கலாம். அந்தக் காலத்துத் தாள்களில் பிறந்த இடம் ‘ஆஸ்திரியா’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகும். ஆயிரக்கணக்கான ஊர்கள் கொண்ட ஒரு பேரரசில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1906 ஜூனில் இயற்றப்பட்ட சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே படிவத்தைக் கொண்டுவந்தது. பிறந்த ஊர், பிறந்த நாள், வந்த கப்பல், இறங்கிய துறைமுகம், இறங்கிய தேதி, மனைவி மக்கள் விவரம் என்று எல்லாவற்றையும் கேட்டது. ஃபிரெடரிக் 1907இல், குடிமகனாக விரும்புவதாகச் சொல்லும் முதல் அறிவிப்பைத் தாக்கல் செய்து, 1911இல் குடிமகனானார். இரண்டு ஆண்டுகள் முன்னால் விண்ணப்பித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஐடாவுக்கென்று தனி விண்ணப்பம் தேடிப் பயனில்லை. 1922 வரை மனைவிக்கு அமெரிக்கக் குடியுரிமை கணவனோடு ஒட்டியே வந்தது.

கப்பல் பட்டியலைவிட இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவின் பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, எல்லோரும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். ஃபிரெடரிக், ஐடா, மகன் எரிக் மூவரும் ‘கோனிகின் லூய்சே’ என்ற ஜெர்மானியக் கப்பலில் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்திலிருந்து வந்து 1905 மே 18 அன்று நியூயார்க்கில் இறங்கினார்கள். அந்த ஆண்டுப் பட்டியலில் கடைசியாக வசித்த இடம் உண்டு, போகுமிடம் உண்டு, பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது உண்டு. பிறந்த ஊருக்கான பத்தி இல்லை. அது ஓரிரு ஆண்டுகளுக்குப் பின்தான் சேர்ந்தது. வியன்னாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் என்பதற்கு மேல் அந்தப் பட்டியலால் ஒருவரையும் கொண்டுபோக முடியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘எல்லிஸ் தீவில் எங்கள் தாத்தா பெயரை அதிகாரி மாற்றி எழுதிவிட்டார்’ என்று லட்சக்கணக்கான அமெரிக்க யூதக் குடும்பங்கள் நம்புகின்றன. அந்த அதிகாரிகள் பெயர் எழுதுவதே இல்லை. பட்டியலைத் தயாரித்தது கப்பல் நிறுவனம், அதுவும் புறப்பட்ட துறைமுகத்தில். தீவிலிருந்தவர்கள் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாறியது ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம், அல்லது அமெரிக்காவில் காலூன்றிய பின். கோன் குடும்பத்தில் அது கடலுக்கு அந்தப் பக்கமே நடந்து முடிந்திருந்தது.

பிறந்த ஊர் கிடைத்தது: பென்னிஷ், ஆஸ்திரியா. வரைபடத்தில் இன்று பென்னிஷ் என்று ஓர் ஊர் இல்லை. அப்போது அது ஆஸ்திரிய சைலீசியா என்ற மாகாணத்தில் இருந்தது. இன்று செக் குடியரசின் வடகிழக்கில், ப்ரூண்டால் மாவட்டத்தில், ஹோர்னி பெனெஷோவ் என்ற பெயரில் இருக்கிறது. பெனெஷோவ் என்ற பெயரில் செக் நாட்டில் வேறு ஊர்களும் உள்ளன. பிராகுக்குத் தெற்கே இருக்கும் பெனெஷோவ் அவற்றில் பிரபலமானது. பெயரை மட்டும் பார்த்துத் தவறான பெனெஷோவின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கை குறைவாக இருக்காது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் பேரரசில் தேடுகிறவர் ஒவ்வோர் ஊருக்கும் ஜெர்மன் பெயரையும் இன்றைய பெயரையும் அருகருகே வைத்துக்கொள்ளாமல் ஓர் அடிகூட எடுக்கக் கூடாது. அந்த ஊருக்கே போய் முதியவர்களிடம் விசாரிக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. பென்னிஷில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் பேசியவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியா அவர்களை வெளியேற்றியது. இன்றைய குடிகளின் தாத்தாக்களுக்கு கோன் குடும்பத்தைத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆக மிஞ்சியது பதிவேடு. 1873 மே 10, பென்னிஷ், ஃப்ரிட்ஸ் கோன். தந்தை பெனடிக்ட் கோன், மதுவடிப்பாளர். தாய் மத்தில்டே, பிறந்த வீட்டுப் பெயர் ஃப்ரெங்கல். ‘கெர்ரி’ என்ற பெயரோடு தேடியிருந்தால் இந்தப் பக்கம் கண்ணில் பட்டே இருக்காது. தேதியும் ஊரும் கையில் இருந்ததால்தான் வேறு பெயரில் கிடந்தவர் அகப்பட்டார். தேதி ஒத்துப்போவது மட்டும் போதாது என்று கறாரான ஆய்வாளர்கள் சொல்வார்கள், சரியாகவே சொல்வார்கள். ஆனால் ஆஸ்திரியாவில் குடும்பப் பெயரை மாற்ற அரசு அனுமதி வாங்க வேண்டும். ‘இன்னாருக்கு இன்ன பெயர்’ என்ற ஆணை எழுத்தில் இருக்கும். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் அது. ஒளிந்துகொள்ள விரும்பியவர் தானே எழுதிக் கொடுத்த முகவரி என்றுகூடச் சொல்லலாம்.

பெனடிக்ட் கோனைப் பற்றிச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பென்னிஷ் போன்ற ஊரில் ஒரு யூதர் இருந்ததே விளக்கம் கோருகிறது. அவர் 1820களில், இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் தெற்கில் பிறந்தவர். அந்த நிலத்து யூதர்களுக்கு 1726ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தலைக்கு மேல் தொங்கியது. மொராவியாவில் யூதக் குடும்பங்கள் 5,106க்கு மேல் இருக்கக் கூடாது என்று பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் வரம்பு கட்டினார். ஒரு குடும்பத்தில் மூத்த மகன் மட்டுமே சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம், அதுவும் தந்தையின் இடம் காலியானால். இளைய மகன்கள் பிரம்மச்சாரியாக இருக்கலாம், நாட்டை விட்டுப் போகலாம், அல்லது ஊர் அறிய அரசு அறியாமல் குடும்பம் நடத்தலாம். அப்படிப் பிறந்த பிள்ளைகளைப் பதிவேடு முறைகேடாகப் பிறந்தவர்கள் என்று எழுதி, தாயின் பெயரைக் கொடுத்தது. மொராவிய யூத வம்சாவளி தேடுவோர் ‘எங்கள் பூட்டி மணமாகாதவள்’ என்று பதறுவதற்கு முன் இந்தச் சட்டத்தைப் படிப்பது நல்லது. 1848 புரட்சியோடுதான் இந்தக் கட்டு அவிழ்ந்தது. 1867 அரசியல் சட்டம் முழுச் சம உரிமை தந்தது. பெனடிக்ட் 1868இல் மத்தில்டேயை இரண்டாம் தாரமாக மணக்கிறார். அதற்கு ஒரு தலைமுறை முன்னால் விரும்பிய இடத்தில் குடியேறிக் குடும்பம் நடத்தியிருக்க முடியாத மனிதர், சைலீசியச் சிற்றூர் ஒன்றில் தொழில் நடத்துகிறார். இந்த வரலாற்றுப் பின்னணி இல்லாமல் அந்தப் பதிவேட்டு வரி வெறும் பெயர்ப்பட்டியல்.

மத்தில்டே பிறந்த ஊர் ஓபர்க்ளோகாவ், பிரஷ்ய சைலீசியா. இன்றைய போலந்தின் குவோகூவெக். ஐடா புடாபெஸ்டைச் சேர்ந்தவர். ஒரே ஒரு தாத்தா பாட்டி இணையைத் தேடுவதற்கு செக், போலந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி என்று இன்றைய நான்கு நாடுகளின் ஆவணக் காப்பகங்களை அணுக வேண்டும். செக் பகுதி யூதப் பதிவேடுகளுக்குத் தனிக் கதை உண்டு. நாஜி ஆட்சி அவற்றைப் பிராகில் திரட்டியது. போர் முடியும் தறுவாயில் மூலப் பிரதிகளில் பெரும்பகுதியை அழித்தது. ஆனால் பழைய ஆஸ்திரிய நிர்வாகம் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டாம் பிரதி எழுதி வைக்கச் சொல்லியிருந்தது. அந்த இரண்டாம் பிரதிகளில் பல தப்பின. இன்று பிராக் தேசிய ஆவணக் காப்பகத்தில், இணையத்திலும் பார்க்கும்படி இருக்கின்றன. இரட்டைப் பிரதி கேட்ட அந்தக் கால எழுத்தர்களை எரிச்சலோடு சபித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

பெனடிக்ட் 1876இல் இறந்தார். ஃப்ரிட்ஸுக்கு மூன்று வயது. மத்தில்டே பிள்ளைகளோடு வியன்னா வந்தார். பின்னர் ஃப்ரிட்ஸ் வியன்னாவுக்குத் தெற்கே உள்ள மோட்லிங்கில், மாமா ஆல்ஃபிரட் ஃப்ரெங்கலின் காலணித் தொழிற்சாலையில் கணக்காளராக வேலை பார்த்தார். இந்தச் சிறு தகவல் ஆய்வாளனுக்கு மிகவும் பயன்படுவது. பிற்காலத்தில் பாஸ்டனில் ஃபிரெடரிக் கெர்ரியும் காலணி வணிகத்தில் இருக்கிறார். ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் வரும்போது தொழில் இப்படிக் கடல் கடந்து வந்து சாட்சி சொல்லும்.

மத மாற்றமும் பெயர் மாற்றமும் மோட்லிங் காலத்தில் நடந்தவை. முதலில் அண்ணன் ஓட்டோ கத்தோலிக்கரானார், கெர்ரியும் ஆனார். ஃப்ரிட்ஸ் 1900இல் ஐடா லோவேயை மணந்தார். 1901இல் கணவன், மனைவி, குழந்தை மூவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதையொட்டி கோன் கெர்ரியாயிற்று. ஓட்டோவின் வழியினர் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. வரைபடத்தின் மேல் பென்சிலைக் கைபோன போக்கில் போட்டார்களாம். அது அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் விழுந்ததாம். எனக்கு இந்தக் கதையில் பாதி நம்பிக்கைதான். பென்சில் வேறு பல இடங்களிலும் விழுந்திருக்கும், அந்தப் பெயர்கள் பிடிக்காமல் மறுபடி போட்டிருப்பார்கள். குடும்பக் கதைகள் முடிவை எப்போதும் தற்செயலாகக் காட்டவே விரும்பும். திட்டமிட்டோம் என்று சொல்வது சங்கடம்.

திட்டமிட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1897இல் வியன்னாவின் மேயராகப் பொறுப்பேற்ற கார்ல் லூயகர், யூத வெறுப்பையே வாக்காக மாற்றிக் காட்டியவர். 1910இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். கோன் என்ற பெயரை அந்நகரில் கேலிச்சித்திரங்களே யூதருக்கு அடையாளமாகப் பயன்படுத்தின. ஆனாலும் ‘பயந்து மாறினார்’ என்றோ ‘பதவிக்காக மாறினார்’ என்றோ எழுத ஆவணம் இடம் தராது. 1868ஆம் ஆண்டுச் சட்டப்படி மதம் மாறுகிறவர் முதலில் அரசு அலுவலகத்தில் பழைய மதத்திலிருந்து விலகுவதாக அறிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் பெயரும் தேதியும் இருக்கும், காரணம் என்ற பத்தி இருக்காது. வியன்னா யூத சமூகம் தன்னிடமிருந்து விலகியவர்களுக்கென்றே தனிப் பதிவேடு வைத்திருந்தது. திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ‘முன்பு மோசே மதத்தவர்’, அதாவது யூதர், என்று குறிப்பது வழக்கம். உள்ளே வருகிறவனைப் பதிவு செய்யும் புத்தகமே அவன் எங்கிருந்து வந்தான் என்பதையும் எழுதி வைத்துவிடுகிறது.

அமெரிக்க ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். முதலில் சிகாகோவில் வணிக நிறுவனங்களுக்கு ஆலோசகர். பிறகு பாஸ்டன், வீடு புறநகரான ப்ரூக்லைனில். 1915இல் ரிச்சர்டு அங்கே பிறந்தார். ஞாயிறுதோறும் தேவாலயம். மக்கள் தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் பொதுவெளிக்கு வருகின்றன; 1910, 1920ஆம் ஆண்டுத் தாள்கள் குடியேறிய ஆண்டையும் குடியுரிமை நிலையையும் கேட்டன, மதத்தைக் கேட்கவில்லை. நகர முகவரி நூல்கள் ஆண்டுக்கு ஆண்டு தொழிலைக் காட்டும். இவற்றில் எதிலும் கோன் இல்லை. 1921ஐப் பற்றி, கடன்தான் காரணம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், இருக்கலாம். ஒரு மனிதரின் கடைசி நாளை அவருடைய சொத்துப் பட்டியலிலிருந்து படித்துவிட முடியும் என்று நான் நம்புவதில்லை.

ஐடாவின் பக்கம் இரண்டு வகைச் செய்திகள் இருக்கின்றன. ஒன்று, லோவே குடும்பம் பதினாறாம் நூற்றாண்டுப் பிராகின் புகழ்பெற்ற ரபி (யூத மதகுரு) யூதா லோவின் சகோதரர் சினாயின் வழி என்பது. இதைப் பல வம்சாவளி மரங்கள் மேலும் கீழும் நகலெடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆஸ்திரியப் பேரரசில் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணையே 1787இல்தான் வந்தது. அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளைக் கல்லறைக் கல்வெட்டுகளையும் ரபிமாரின் கைப்பிரதிகளையும் கொண்டு ஒவ்வொரு கண்ணியாகக் கட்ட வேண்டும். பெயர் ஒத்திருப்பது கண்ணியாகாது. பெரிய மனிதர் ஒருவரைத் தொட்டவுடன் தேடலை நிறுத்திவிடும் பழக்கம் எல்லாச் சமூகத்துக்கும் பொது.

மற்றொன்று, ஐடாவின் உடன்பிறந்தோர் ஓட்டோ, ஜென்னி இருவரும் 1942இல் வியன்னாவிலிருந்து நாடு கடத்தப்பட்டார்கள். ஓட்டோ நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். ஜென்னி ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தெரேசியன்ஷ்டாட்டிலிருந்து பத்து ரயில்கள் ட்ரெப்ளிங்காவுக்குப் போயின. ஏறத்தாழ 18,000 பேர். இங்கே ஆவணங்கள் பயங்கரமான அளவுக்குத் துல்லியம்: ரயிலின் குறியீடு, பயணியின் எண், புறப்பட்ட தேதி. வியன்னாவின் எதிர்ப்பியக்க ஆவண மையமும் எருசலேமில் யூதப் படுகொலையின் நினைவகமான யாத் வஷேமும் இவற்றைப் பெயர்வாரியாகத் தேடும்படி வைத்திருக்கின்றன. புலம்பெயர்ந்த ஒருவரைத் தேடும்போது புலம்பெயராத உடன்பிறந்தோரையும் தேட வேண்டும் என்பதை நான் கட்டாய வேலையாகவே சொல்வேன். கெர்ரி குடும்பத்துக்கு இந்த இருவரைப் பற்றித் தெரிய வந்தது தாத்தாவைத் தேடப் போனதால்தான்.

ரிச்சர்டு கெர்ரி வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1950களில் பெர்லினில் வேலை. சிறுவன் ஜான் அங்கே சைக்கிளில் சுற்றித் திரிந்தான். பென்னிஷ் அங்கிருந்து ஒரு நாள் பயணத் தொலைவுதான், ஆனால் நடுவில் இரும்புத்திரை விழுந்திருந்தது. ரிச்சர்டு 2000இல் இறந்தார். நாளிதழ் தோண்டத் தொடங்கியபோது அவரைக் கேட்க வழியில்லை. ஜானின் தம்பி கேமரன் கெர்ரி ஒரு யூதப் பெண்ணை மணப்பதற்காக 1983இல் யூத மதத்துக்கு மாறியிருந்தார். தன் தாத்தா எந்த மதத்தில் பிறந்தார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. அந்தக் கோப்பு திறக்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.